சின்னக் கைக்கு முழு அளவு பிஸ்டல்: எதைப் பார்த்து வாங்குவது?

காவிரிக்கரை (சுகர் லேண்ட், டெக்சஸ்)

வணக்கம். வீட்டுப் பாதுகாப்புக்கும் வார இறுதியில் ரேஞ்சில் பழகவும் ஒரு 9 எம்.எம். பிஸ்டல் வாங்கலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். அடிப்படைப் பாதுகாப்பு வகுப்பையும் முடித்துவிட்டேன். சிக்கல் என் கைதான். கையுறையில் ஸ்மால் அளவே எனக்குத் தளர்வாக இருக்கும்.

கடையில் என் கையைப் பார்த்ததுமே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டி பிஸ்டலை எடுத்து வைத்து, "பெண்களுக்கு இதுதான்" என்றார்கள். அதே மாடலை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். ஒவ்வொரு குண்டுக்கும் மணிக்கட்டு வரை அடி இறங்குகிறது, சுண்டுவிரல் பிடிக்க இடமே இல்லை. பிறகு அங்கிருந்த பயிற்சியாளர் ஒரு பழைய மூன்றாம் தலைமுறை க்ளாக் 17 கொடுத்தார். சுடுவதற்கு அவ்வளவு இதமாக இருந்தது. ஆனால் டிரிகரை எட்டுவதற்குக் கையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது.

முழு அளவிலேயே என் கைக்குப் பொருந்தக்கூடியது இருக்கிறதா? நம்பி வைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டாலஸ்வாசி

சகோதரி, சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்ற பேச்சை முதலில் மறந்துவிடுங்கள். இதனால் எத்தனையோ பேர் ஒரு பெட்டித் தோட்டா சுட்டுவிட்டு பிஸ்டலை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அரை கிலோ எடையுள்ள குட்டி பிஸ்டலும் ஒரு கிலோ எடையுள்ள சி.இசட். 75-ம் சுடுவது ஒரே 9 எம்.எம். தோட்டாவைத்தான். தோட்டா பின்னால் தள்ளும் உந்தம் இரண்டிலும் ஒன்று. எடை பாதியானால் கைக்கு வரும் உதைப்பின் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குட்டி பிஸ்டல் மறைத்து எடுத்துச் செல்வதற்காகப் பிறந்தது. வீட்டிலும் ரேஞ்சிலும் வைத்திருக்கப் போகிறவருக்கு அந்தச் சமரசம் எதற்கு?

முழு அளவு என்பது பெரும்பாலும் குழலின் நீளத்தையும் பிடியின் உயரத்தையும் குறிக்கிறது. பிடி உயரமாக இருந்தால் சுண்டுவிரலுக்கும் இடம் கிடைக்கும், அது உங்களுக்கு நல்லதுதான். உங்களைத் தடுப்பது வேறு இரண்டு அளவுகள். ஒன்று, பிடியின் சுற்றளவு. இன்னொன்று, பிடியின் பின்முதுகிலிருந்து டிரிகரின் முகம் வரை உள்ள தூரம். இந்த இரண்டாவதைத்தான் நீங்கள் க்ளாக்கில் உணர்ந்தீர்கள்.

கடையில் இப்படிப் பாருங்கள். காலியாக இருக்கிறதா என்று நீங்களே ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதி) திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை, பிடியின் பின்பக்கத்தில் போக முடிந்த அளவு மேலே, நட்டநடுவில் உட்கார வேண்டும். பிஸ்டலின் முதுகும் உங்கள் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் வரட்டும். அந்தக் கோடு கலையாமல் ஆட்காட்டி விரலின் முதல் கணுச் சதை டிரிகரின் நடுவில் படுகிறதா? பட்டால் பொருந்துகிறது. நகம் பக்கத்து நுனிதான் தொடுகிறது, அல்லது கையைச் சுழற்றினால்தான் எட்டுகிறது என்றால் அந்த பிஸ்டலை வைத்துவிடுங்கள். சுழற்றிப் பிடித்தால் உதைப்பு முன்கைக்குப் போகாமல் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். டிரிகரை நேராகப் பின்னால் இழுப்பதற்குப் பதிலாக விரல் பக்கவாட்டில் தள்ளும், குண்டும் பக்கவாட்டில் போகும்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு இலக்கு நோக்கி நீட்டித் திறந்து பாருங்கள். குழல் நுனியிலுள்ள முன் குறி எங்கே நிற்கிறது? ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் எம் அண்ட் பி 2.0-இன் பிடி, 1911 என்ற பழைய அமெரிக்க ராணுவ பிஸ்டலைப் போல 18 டிகிரி சாய்வு. க்ளாக்கின் சாய்வு அதைவிட அதிகம். அதனால் 1911-இல் பழகிய பலருக்கு க்ளாக்கை நீட்டினால் முன் குறி தூக்கி நிற்கும். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு எது இயல்பாக விழுகிறதோ அதுவே சரி.

கொங்குநாட்டான் (ஹூஸ்டன்)

எனக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை என்று படுகிறது. க்ளாக் 17 எடுங்கள். 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்ததிலிருந்து உலகம் முழுக்கக் காவல்துறைகள் வைத்திருக்கின்றன. எஃப்.பி.ஐ. 2016-இல் மறுபடி 9 எம்.எம்.முக்குத் திரும்பியபோதும் ஒப்பந்தம் க்ளாக்குக்குத்தான். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். பிடி கொஞ்சம் பெரிதாக இருந்தால் பழகிக்கொள்ளலாம், ஆபத்து நேரத்தில் சுடாத துப்பாக்கியோடு பழக முடியாது.

டாலஸ்வாசி

க்ளாக்கின் நம்பகத்தில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கை நீளத்தைப் பழக்கத்தால் மாற்ற முடியாது நண்பரே. அவர் பிடித்தது மூன்றாம் தலைமுறை, அதன் பின்முதுகை மாற்றவே முடியாது, விரல் பள்ளங்களும் பெரிய கைக்கு வைத்த இடத்தில் இருக்கும். 2010-இல் வந்த நான்காம் தலைமுறையில் சட்டகத்தையே கொஞ்சம் சிறிதாக்கி, மாற்றக்கூடிய பேக்ஸ்ட்ராப் (பிடியின் பின்முதுகில் மாட்டும் துண்டு) கொடுத்தார்கள். எதையும் மாட்டாமல் வைத்தால் டிரிகர் தூரம் ஏறக்குறைய 2 மி.மீ. குறையும். ஐந்தாம் தலைமுறையில் விரல் பள்ளங்களும் போய்விட்டன. 2 மி.மீ. என்று கேட்டால் அற்பமாகத் தோன்றும், விரல் கணுவில் அது பெரிய தூரம். ஆகவே சகோதரி க்ளாக்கைத் தள்ளிவிட வேண்டாம், ஐந்தாம் தலைமுறையைப் பிடித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று, பிடியும் நம்பகமும் தனித்தனி விஷயமில்லை. இந்த வகை பிஸ்டல்களில் ஸ்லைடு பின்னால் ஓடும்போது சட்டகம் கையில் ஊன்றி நிற்க வேண்டும். பிடி பொருந்தாமல் மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாக ஓடாது. சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியேறாமல் சிக்கும், அல்லது அடுத்த தோட்டா ஏறாது. எடை குறைந்த பிளாஸ்டிக் சட்டகத்தில் இது இன்னும் சுலபமாக நடக்கும். அடுத்தவர் கையில் சிக்காத துப்பாக்கி இவர் கையில் சிக்கலாம்.

ஆர்மரர் (சான் அன்டோனியோ)

ராணுவத்தில் எம்9 பராமரித்தவன் என்ற முறையில் நம்பகம் பற்றி மட்டும் சொல்கிறேன், அம்மா.

எம்9 என்பது பெரெட்டா 92. 1985-இல் அமெரிக்க ராணுவம் எடுத்தது. தொடக்க ஆண்டுகளில் சில பிஸ்டல்களில் ஸ்லைடு உடைந்து பின்பாதி சுடுபவர் முகத்துக்கே வந்தது. அதற்குப் பிறகுதான் சுத்தியலின் அச்சாணித் தலையைப் பெரிதாக்கி, உடைந்தாலும் ஸ்லைடு பின்னால் பறக்காதபடி செய்தார்கள். 92எஃப்.எஸ். என்று நீங்கள் கடையில் பார்ப்பது அந்தத் திருத்தம் உள்ளது. பிறகு இராக்கில் எம்9 சிக்குகிறது என்று பெரிய புகார். பிஸ்டலைக் குறை சொன்னவர்கள் அதிகம். ஆராய்ந்து பார்த்தால், அரசு கேட்ட சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சோடு வேறு ஒப்பந்ததாரர் செய்த மேகசின்களில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) நுண்மணல் ஒட்டி, தோட்டா மேலே ஏறாமல் நின்றிருக்கிறது. வழுவழுப்பான பூச்சுள்ள மேகசின் வந்ததும் புகார் அடங்கியது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பிஸ்டல் சிக்கினால் நான் முதலில் பார்ப்பது மேகசின், அடுத்து தோட்டா, அடுத்து எண்ணெய். பேரலும் ஸ்லைடும் கடைசி. எந்தப் பெயர்பெற்ற பிஸ்டலை வாங்கினாலும் அதே நிறுவனத்தின் மேகசினை வாங்குங்கள், மலிவு நகல் வேண்டாம். ஒவ்வொரு மேகசினிலும் எண் எழுதி வையுங்கள். சிக்கல் வந்தால் எப்போதும் 3-ஆம் எண்ணில்தான் வருகிறதா என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றைத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைக் கையேடு சொல்லும் கணக்கில் மாற்றுங்கள்.

பெரெட்டா 92 அருமையான பிஸ்டல், ஆனால் உங்கள் கைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். முதல் குண்டுக்கு டிரிகர் வெகு முன்னால் நிற்கும், சுமார் 5 கிலோ இழுப்பு. அடுத்த குண்டிலிருந்து டிரிகர் பின்னால் வந்து இழுப்பு பாதிக்கும் கீழே போய்விடும். படையில் சிறிய கை உள்ள வீரர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த முதல் குண்டோடு படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். வெர்டெக் பிடி போட்ட மாடல்கள் மெல்லியவை, ரேஞ்சில் கிடைத்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

நெல்லைக்காரன் (எடிசன், நியூஜெர்சி)

எங்கள் மாநிலத்தில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும், மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. டெக்சஸில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் இந்த 10 என்ற வரம்புதான் என்னை 9 எம்.எம். 1911 பக்கம் கொண்டுபோனது. இரட்டை வரிசை மேகசினின் தடித்த பிடியைச் சுமந்துகொண்டு 10 மட்டும் போடுவானேன்? 1911-இன் ஒற்றை வரிசைப் பிடி மெல்லியது, என் கைக்குள் அழகாக உட்காருகிறது.

கை அளவு பற்றிய வாதம் ஒன்றும் புதிதல்ல என்பதும் இங்கே சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் முடிந்து 1920-களில் ராணுவம் 1911-ஐ எம்1911ஏ1 ஆக மாற்றியபோது செய்தவற்றில் பாதி கைக்காகத்தான். டிரிகரைக் குட்டையாக்கினார்கள். விரல் எட்டுவதற்காக டிரிகருக்குப் பின்னால் சட்டகத்தின் இரு பக்கமும் செதுக்கிவிட்டார்கள். சுத்தியல் கவட்டையைக் கடிக்காமல் இருக்கப் பிடியின் வால் பகுதியை நீட்டினார்கள். இன்றும் 1911-க்குக் குட்டை, நடுத்தரம், நீளம் என்று டிரிகர்கள் தனியாகக் கிடைக்கின்றன. முழு எஃகு, ஒரு கிலோவுக்கு மேல் எடை, 9 எம்.எம்.மின் உதைப்பு கைக்குத் தெரிவதே குறைவு.

ஆர்மரர்

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1911 கவனம் கேட்கும் துப்பாக்கி. சுத்தியலை ஏற்றி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு வைக்க வேண்டும், எடுக்கும்போது கட்டைவிரலால் பூட்டை இறக்க வேண்டும். இது கையோடு ஊறிப்போகும் அளவுக்குப் பயிற்சி வேண்டும். எண்ணெய் காய்ந்தால் கோபித்துக்கொள்ளும். முதல் பிஸ்டலாக வாங்குபவருக்கு நான் தர மாட்டேன்.

ஆஸ்டின் அகதா

இடையில் ஒரு கேள்வி. நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கப் போவதில்லை, நண்பர்களோடு ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கலாமா?

டாலஸ்வாசி

தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள், நம்மவர்களில் நிறைய பேருக்குத் தெரியாது. கூட்டரசுச் சட்டப்படி எச்1பி, எஃப்1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் அடங்கும். விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் நடப்பு வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இது குற்றவியல் சட்டம், மீறினால் விசாவும் போகும், கிரீன் கார்டு வரிசையும் போகும். நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்று போய்விடாதீர்கள். முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதேபோல், வாங்க முடியாத ஒருவருக்காக இன்னொருவர் கடையில் துப்பாக்கி வாங்கும்போது தரும் படிவம் 4473-ஐத் தன் பெயரில் நிரப்பி வாங்குவதும் கூட்டரசுக் குற்றம்.

குறிபார் (திருச்சி)

நான் இங்கே பிள்ளைகளுக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தியாவில் 9 எம்.எம். பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை, அதனால் உங்கள் பட்டியலில் உள்ளவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கை பற்றிச் சொல்லலாம்.

எங்கள் விளையாட்டில் பிடி மரத்தால் ஆனது, ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவு பார்த்து வாங்குவோம். வாங்கிய பிறகும் அரத்தால் தேய்ப்போம், பள்ளம் இருக்கும் இடத்தில் மரப்பசை வைத்து நிரப்புவோம். பிள்ளை வளர வளரப் பிடியும் மாறும். புதிதாக வரும் பெற்றோர் "ஏன் சார் இவ்வளவு விலை கொடுத்த பிடியைச் சீவுகிறீர்கள்" என்று பதறுவார்கள். கை தளர்வாகப் பிடிக்கும்போதும் குறி அதே இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். கையை முறுக்கிக் குறிக்குக் கொண்டுவருபவர்கள் களைத்ததும் குறி நகர்ந்துவிடும்.

நம்பகத்துக்கும் ஒரு வார்த்தை. 2021 டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது நினைவிருக்கும். நிமிடக்கணக்கில் நேரம் போய், இறுதிச் சுற்றையே இழந்தார். 2024-இல் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உலகத் தரமான கருவியும் பழுதாகும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துடைத்துச் சோதிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வையுங்கள்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. டாலஸ் அண்ணா சொன்ன முறைப்படி கடையிலும் ரேஞ்சிலும் பிடித்துப் பார்த்தேன். க்ளாக் 17 ஐந்தாம் தலைமுறையில் விரல் எட்டுகிறது, ஆனால் மயிரிழையில்தான். எம் அண்ட் பி 2.0-இல் நான்கு அளவுப் பின்பிடிகள் பெட்டியிலேயே வருகின்றன. ஸ்மால் போட்டால் கணுச் சதை சரியாக டிரிகர் நடுவில் படுகிறது. எச்.கே. வி.பி.9-இல் பின்பக்கம் மட்டுமல்ல, இரு பக்கத் தகடுகளும் மூன்று மூன்று அளவு. மொத்தம் 27 விதமாக மாட்டலாம் என்றார்கள். பிடித்தால் எனக்கென்றே செய்தது போல இருக்கிறது, விலைதான் அதிகம். சி.இசட். 75 கையில் அழகாக இருந்தது, ஆனால் அதன் ஸ்லைடு சட்டகத்துக்குள்ளே ஓடுவதால் பிடித்து இழுக்க வெளியே கொஞ்சம் இடம்தான் இருக்கிறது. என்னால் இழுக்கவே முடியவில்லை.

ஸ்லைடு இழுப்பது பொதுவாகவே எனக்குக் கடினம். இதற்கு வழி உண்டா? சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பற்றியும் கேட்கிறேன். ராணுவம் எடுத்தது என்று கணவர் சொல்கிறார்.

டாலஸ்வாசி

ஸ்லைடு இழுப்பதில் வலிமையைவிட முறை முக்கியம். கையை நீட்டி வைத்துக்கொண்டு இரண்டு விரலால் கிள்ளி இழுப்பதுதான் பலரும் செய்வது. பிஸ்டலை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவாருங்கள், குழல் வாய் பாதுகாப்பான திசையிலேயே, விரல் டிரிகருக்கு வெளியே. இடது கையின் நான்கு விரலும் உள்ளங்கையும் சேர்த்து ஸ்லைடை மேலிருந்து பற்றுங்கள். ஸ்லைடைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். தோளும் முதுகும் வேலை செய்யும். கடைசியில் சட்டென்று விட்டுவிடுங்கள். கையோடு கொண்டுபோய் விட்டால் ஸ்லைடு முழுதாக மூடாது. எம் அண்ட் பி 2.0-இல் முன்பக்கமும் வரிப்பள்ளம் இருக்கிறது. வால்தர் பி.டி.பி. எஃப் வரிசையையும் கேட்டுப் பாருங்கள். 2022-இல் வந்தது, சிறிய கையை மனதில் வைத்து டிரிகர் தூரத்தையும் ஸ்லைடு இழுக்கும் விசையையும் குறைத்திருக்கிறார்கள்.

பி320-ஐ 2017 ஜனவரியில் ராணுவம் எம்17 என்று எடுத்தது உண்மை. அதே ஆண்டு ஆகஸ்டில், கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற சிக்கல் வெளிவந்து, நிறுவனம் இலவசத் திருத்தத் திட்டம் அறிவித்ததும் உண்மை. அதற்குப் பிறகும் டிரிகர் தொடாமல் வெடித்ததாக வழக்குகள் நடக்கின்றன, நிறுவனம் மறுக்கிறது. பிடிச் சட்டகத்தை மட்டும் சிறிதாக மாற்றிக்கொள்ளும் வசதி அதில் அருமையானது. ஆனால் இத்தனை நல்ல மாற்று இருக்கும்போது, அதை வீட்டில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொங்குநாட்டான்

எம் அண்ட் பி ஸ்மால் பிடியோடு அவ்வளவு சரியாக உட்காருகிறது என்றால் அதையே எடுங்கள் அக்கா. க்ளாக்குக்காகவே பேசும் நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

காவிரிக்கரை

எம் அண்ட் பி 2.0, 4.25 அங்குலக் குழல், பணம் கட்டிவிட்டேன்! வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வது? எட்டு வயதில் மகன் இருக்கிறான், வைக்கும் இடம் பற்றியும் சொல்லுங்கள்.

ஆர்மரர்

வாழ்த்துகள் அம்மா. முதலில் பிரித்துத் துடையுங்கள், தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் பாதுகாப்புக்குத்தான், ஓட்டத்துக்கு அல்ல. ஸ்லைடு ஓடும் தடங்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் போதும். சாதாரண 115 அல்லது 124 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டாவில் ஒரு 200 சுடுங்கள். பிறகு வீட்டுக்கு வைக்கப் போகும், நுனி குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டாவையே ஒன்றிரண்டு பெட்டி, எல்லா மேகசின்களிலும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். விலை அதிகம்தான், ஆனால் அந்தத் தோட்டா இந்தப் பிஸ்டலில் ஏறுகிறதா என்று அறிய வேறு வழி இல்லை. ஒன்றுகூடச் சிக்காமல் முடித்த பிறகுதான் அதை நம்புங்கள். சிக்கினால் மேகசின் எண்ணையும் தோட்டாப் பெயரையும் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள்.

மகன் விஷயம் எல்லாவற்றுக்கும் மேல். அலமாரியின் உயரத்தட்டு, தலையணைக்கு அடி, இவையெல்லாம் மறைவிடமே இல்லை. எட்டு வயதுப் பையனுக்கு வீட்டில் எட்டாத இடம் கிடையாது. எஃகுப் பெட்டி, பொத்தான் பூட்டு, சுவரிலோ கட்டிலின் சட்டத்திலோ போல்ட் போட்டு இறுக்கியது. எண் உங்கள் இருவருக்கு மட்டும் தெரியட்டும், பிறந்தநாள் வேண்டாம். டெக்சஸில் குண்டு போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கிடைத்துவிட்டால் விட்டுவைத்தவர் மீது குற்றம். பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே பெட்டியைப் பொருத்திவிடுங்கள்.

காவிரிக்கரை

பெட்டி நாளை வருகிறது. பொருத்தி முடித்த பிறகே கடையிலிருந்து எடுக்கிறேன். சுட்ட பிறகு விவரம் எழுதுகிறேன்.